மண்ணில் உள்ளது மணியில் வருமா? — செலினியத்தை அளந்தறியும் முறை

மனிதன் உண்ணும் உணவெல்லாம் மண்ணிலிருந்து வருவதே. நெல்லும் சோளமும் கீரையும் கிழங்கும் மண்ணின் சாரத்தை உறிஞ்சி வளர்கின்றன. ஆடுமாடுகள் அம்மண்ணில் முளைத்த புல்லைத் தின்று பாலும் இறைச்சியும் தருகின்றன. ஆதலின், மண்ணில் யாதேனும் ஒரு பொருள் குறைந்தால் அக்குறை பயிரில் தோன்றும். பயிரில் தோன்றிய குறை நாளடைவில் உண்பவர் உடம்பிலும் தோன்றும். மிகுதியும் அவ்வாறே. இவ்வுண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் தனிமங்களுள் ஒன்று செலினியம்.

ஒரு நாளைக்கு மனித உடம்பிற்கு வேண்டிய செலினியம், ஒரு நெல்லரிசியின் எடையில் பல நூற்றில் ஒரு பங்கே. அச்சிறு அளவும் கிட்டாத போது இதயம் நலிவுறுகிறது. அளவு பெரிதும் மிகுந்தால் மயிர் உதிர்ந்து நகம் கழன்று விழுகிறது. சீன நாட்டில் இவ்விரு கேடுகளும் சென்ற நூற்றாண்டில் நேர்ந்தன. ஓரிடத்தில் மக்கள் செலினியம் இன்மையால் மாண்டனர். மற்றோரிடத்தில் செலினியம் மிகையால் நோயுற்றனர். இரண்டிடத்தும் மக்கள் செய்தது ஒன்றே: தம் வயலில் விளைந்ததை உண்டனர். கண்ணுக்கு நல்ல தானியமும் தீய தானியமும் ஒன்றுபோலவே தோன்றின. வேறுபாட்டை அறிய ஒரே வழி, அளந்து பார்ப்பதுதான். ஆனால் எதனை அளப்பது? மண்ணையா, மணியையா? இவ்வினாவிற்கு விடை காண ஆராய்ச்சியாளர்க்கு நெடுங்காலம் ஆயிற்று.

திங்களின் பெயர் பெற்ற தனிமம்

செலினியத்தைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியசு ஆவார். 1817-ஆம் ஆண்டு, கந்தக அமிலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அடியில் தங்கிய செந்நிறக் கசட்டை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத ஒரு தனிமம் அதில் இருப்பதை அவர் கண்டார். பூமியின் பெயரால் வழங்கும் தெலூரியம் என்னும் தனிமத்தை அது ஒத்திருந்தது. ஆகவே, அதற்குத் திங்களைக் குறிக்கும் 'செலீனே' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார்.

தனிமங்களின் அட்டவணையில் செலினியத்தின் எண் 34. கந்தகத்திற்கு நேர்கீழே அது நிற்கிறது. இந்த உறவை நினைவிற் கொள்ளல் வேண்டும். கந்தகம் எல்லாப் பயிர்க்கும் இன்றியமையாதது. குணத்தால் கந்தகத்தை ஒத்த செலினியம், கந்தகம் செல்லும் வழியாகவே வேருக்குள் நுழைகிறது. புரதங்களில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துவிடுகிறது. செடி அதனைத் தேடிச் செல்வதில்லை. கந்தகத்தை நாடும்போது இதுவும் உடன் வந்து சேர்கிறது.

முதலில் அறிந்தது அதன் நஞ்சையே

நூறாண்டிற்கு மேலாக இத்தனிமம் உணவோடு தொடர்புடையதென எவரும் எண்ணவில்லை. வட அமெரிக்காவின் தக்கோட்டாச் சமவெளியில் குடியேறிய உழவர்கள், தம் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்வதையும், குளம்புகள் வெடித்துக் கழல்வதையும் கண்டு வருந்தினர். கிணற்று நீரின் உவர்ப்பே காரணம் என்று கருதி, அதற்குக் 'கார நோய்' என்று பெயரிட்டனர். 1930களில் தென் தக்கோட்டா ஆராய்ச்சி நிலையத்தில் கர்ட் பிராங்கே என்பவர், நோய் கண்ட பண்ணைகளின் தானியத்தை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். எலிகளும் நோயுற்றன. குற்றம் நீரில் இல்லை, தானியத்தில் உள்ளது என்பது தெளிவாயிற்று. பின்னர் அத்தானியத்தைப் பகுத்துப் பார்த்த இரசாயனிகள் அதில் செலினியம் இருப்பதைக் கண்டனர்.

அதன் பின் ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுகள் செலினியம் நஞ்சென்றே எண்ணப்பட்டது. 1957-ஆம் ஆண்டு இக்கருத்து மாறியது. கிளவுசு சுவார்சு, கால்வின் போல்சு என்னும் இருவர் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஆராய்ந்தனர். ஒருவகை ஈசுட்டு உணவை மட்டும் உண்ட எலிகளின் ஈரல் அழிந்துபோயிற்று. மிகச் சிறிதளவு செலினியம் சேர்த்தவுடன் அவ்வெலிகள் பிழைத்தன. நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட பொருள் உயிருக்கு வேண்டிய பொருளும் ஆயிற்று.

உடம்பில் அதன் பணி யாது? உடம்பினுள் இடைவிடாது நிகழும் ஆக்சிகரணத்தால் பெராக்சைடுகள் என்னும் தீய சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றை அழிக்கும் நொதி ஒன்றில் செலினியம் உறுப்பாக அமைந்திருப்பது 1973-இல் கண்டறியப்பட்டது. தைராய்டுச் சுரப்பி நீரை உடம்பிற்கு ஏற்ற வடிவில் மாற்றும் நொதிகளிலும் அது உள்ளதெனப் பின்னர் அறியப்பட்டது.

கேஷான்: இல்லாமையால் வந்த நோய்

1935-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹெய்லோங்ஜியாங் மாநிலத்துக் கேஷான் வட்டத்தில் ஒரு கொடிய இதய நோய் காணப்பட்டது. இதயத் தசை நலிந்து, இதயம் பருத்து, நோயாளர் இறந்தனர். சிறு குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையுமே அது பெரிதும் தாக்கியது. வட்டத்தின் பெயரே நோயின் பெயராயிற்று. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை நாட்டின் குறுக்கே நீண்ட ஒரு பட்டையில் மட்டும் இந்நோய் தோன்றியது. பட்டைக்கு வெளியே தோன்றவில்லை.

பட்டைக்குள் விளைந்த தானியங்களை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. ஒரு கிலோ தானியத்தில் 0.02 மில்லிகிராம் செலினியங்கூட இல்லை. அங்கு வாழ்ந்தோர் நாளொன்றுக்குப் பெற்றது ஏறத்தாழ 11 மைக்ரோகிராமே.

1974-இல் சிச்சுவான் மாநிலத்து மியான்னிங் வட்டத்தில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. 4,510 குழந்தைகளுக்கு வாரந்தோறும் சோடியம் செலினைட்டு மாத்திரை தரப்பட்டது. வேறு 3,985 குழந்தைகளுக்குச் செலினியமில்லா மாத்திரை தரப்பட்டது. அவ்வாண்டில் செலினியம் பெற்றவருள் 10 பேருக்கும், பெறாதவருள் 54 பேருக்கும் நோய் கண்டது. அடுத்த ஆண்டும் இத்தகைய வேறுபாடே தெரிந்தது. அதன்பின் எல்லாக் குழந்தைகளுக்கும் செலினியம் வழங்கினர்.

செலினியக் குறை ஒன்றே நோயை முற்றும் விளக்கிவிடவில்லை என்பதும் கூறத்தக்கது. ஆண்டுக்காண்டும் பருவத்துக்குப் பருவமும் நோய் ஏறியிறங்கியது. ஒரு வைரசுக் கிருமியும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பர். செலினியம் குறைந்த எலிகளின் உடம்பில், சாதுவான வைரசு ஒன்று இதயத்தைத் தாக்கும் கொடிய வைரசாக மாறியதை 1990களில் ஆராய்ச்சியாளர் கண்டனர். எனினும், குறையே வாயிலைத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

என்ஷி: மிகுதியால் வந்த நோய்

இதே சீனாவின் நடுப்பகுதியில் ஹூபெய் மாநிலத்து என்ஷி என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே 1961 முதல் 1964 வரை மக்களுக்கு மயிரும் நகமும் உதிரலாயின. தோலிற் புண்கள் தோன்றின. சிலர்க்கு நரம்புகளும் தாக்குண்டன. மிகுதியும் தாக்குண்ட ஐந்து சிற்றூர்களில் வாழ்ந்தவர் 248 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயுற்றனர்.

அவ்வட்டாரத்துப் பாறைகளில் கல் போன்ற நிலக்கரி உண்டு. அதில் செலினியம் மிகுதி. மழையும் காற்றும் பாறையைக் கரைத்து அச்செலினியத்தை வயலிற் சேர்த்தன. அந்நாள் வழக்கப்படி உழவர்கள் வயலுக்குச் சுண்ணாம்பும் இட்டனர். அது மண்ணில் கட்டுண்டிருந்த செலினியத்தை வேர் எளிதில் உறிஞ்சும் நிலைக்குக் கொணர்ந்தது. வறட்சியால் நெல் பொய்த்த காலத்தில், செலினியம் மிகுந்த காய்கறிகளையும் மக்காச்சோளத்தையும் மக்கள் மிகுதியாக உண்ண நேர்ந்தது. நோயூர்களின் உணவை அளந்தபோது, நாளொன்றுக்கு ஒருவர் சராசரி 5 மில்லிகிராம் வரை செலினியம் உண்டிருத்தல் கூடும் எனத் தெரிந்தது. கேஷான் நோய்ப் பகுதியின் 11 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 450 மடங்காகும்.

எவ்வளவு நுண்ணிய அளவு?

வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதுமென அமெரிக்க அறிஞர் குழு 2000-இல் வகுத்தது. 400 மைக்ரோகிராமிற்கு மேல் நெடுநாள் உண்ணலாகாது என்றும் கூறியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அம்மேல்வரம்பை 255 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வேண்டிய அளவிற்கும் விலக்க வேண்டிய அளவிற்கும் இடைவெளி இவ்வளவே. பிற சத்துப் பொருள்களில் கொஞ்சம் கூடுதலாக உண்டால் பெரும்பாலும் தீங்கில்லை. செலினியத்தில் அந்தத் தாராளம் இல்லை. ஆகவேதான் அளவு பிழைபடாதிருத்தல் வேண்டும்.

மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோகிராம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம் எனக் கொள்வோம். கேஷான் பகுதித் தானியத்தில் கிலோவிற்கு 0.02 மில்லிகிராம் என்றால், ஒரு கிலோ அரிசியில் ஓர் அரிசியை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு மட்டும் செலினியம் என்று பொருள். அதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு! இதனை எவ்வாறு அளப்பது?

பிழை வயலிலேயே தொடங்கும்

அளவையின் முதற்படி ஆய்வுக்கூடத்தில் இல்லை, வயலில் உள்ளது. ஒரே வயலில் பத்தடிக்கு ஒருமுறை மண்ணின் தன்மை மாறும். ஆகவே, ஓரிடத்து மண்ணை மட்டும் எடுத்து அதை வயலின் மண் என்று கொள்வது தவறு. உழவு படும் ஆழம் வரை பல இடங்களில் மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பகுதியைக் கொள்வர். அதனை உலர்த்தி, கல்லும் வேரும் நீக்கி, சல்லடையில் சலித்துப் பொடியாக்குவர். உலர்த்தும்போது சூடு மிகலாகாது. செலினியச் சேர்மங்கள் சில எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும். அடுப்பிலேற்றி வறுத்தால் அளக்க வந்த பொருளே போய்விடும்.

மண்ணெடுத்த அதே இடத்தில் விளைந்த தானியத்தையும் எடுத்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய தானியம் எந்த வயலினது என்று எவரும் அறியார். அதை மண்ணோடு ஒப்பிடுவதால் பயனில்லை.

தானியத்தில் மற்றொரு கேடு உண்டு; அது தூசி. ஒரு வயலின் மண்ணில் கிலோவிற்கு 0.2 மில்லிகிராமும் தானியத்தில் 0.02 மில்லிகிராமும் செலினியம் உள்ளன எனக் கொள்வோம். நூறு பங்கு தானியத்தில் ஒரு பங்கு மண்தூசி ஒட்டியிருந்தால் போதும். அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பொய்யாக ஏறிவிடும். களத்து மண்ணிலே போரடித்த சிறு தானியங்களில் இப்பிழை எளிதில் நேரும். ஆகவே, தானியத்தைத் தூய நீரில் கழுவி உலர்த்திய பின்னரே அரைப்பர்.

கரைத்தலும் காணலும்

அரைத்த மாவில் செலினியம் புரதங்களோடு பின்னிக் கிடக்கிறது. அதனை வெளிக்கொணர மாவை நைட்ரிக் அமிலத்திலிட்டுச் சூடேற்றுவர். முற்காலத்தில் பெர்குளோரிக் அமிலமும் சேர்த்துத் திறந்த குடுவையில் கொதிக்க வைத்தனர். அவ்வமிலம் தானியம் போன்ற பொருள்களோடு கூடினால் வெடிக்கவல்லது. மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இக்காலத்தில் மூடிய கலங்களில் நுண்ணலைச் சூட்டால் கரைக்கும் முறை பெருவழக்காயுள்ளது. கலம் மூடியிருத்தலால் செலினியம் ஆவியாகிப் போவதில்லை. முடிவில் கிடைப்பது தெளிந்த நீர் போன்ற கரைசல். அதிலுள்ள செலினியத்தை அளக்க மூன்று முறைகள் சிறப்பாக வழங்குகின்றன.

முதலாவது ஒளிர்தல் முறை. டையமினோநாப்தலீன் என்னும் சேர்மத்தைக் கரைசலிற் கலந்தால், அது செலினியத்தோடு கூடிப் புதிய சேர்மம் ஆகிறது. அதன்மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அது ஒளி விடும். ஒளி மிகுந்தால் செலினியம் மிகுதி. ஒளி குறைந்தால் செலினியம் குறைவு. 1960களிலிருந்து பரவலாகக் கையாளப்பட்ட இம்முறைக்குப் பெரும்பொருட் செலவில்லை. பொறுமையும் கைத்திறனும் வேண்டும்.

இரண்டாவது வாயு முறை. கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடு என்னும் பொருளைச் சேர்த்தால் செலினியம் ஒரு வாயுவாக மாறி வெளிவரும். அவ்வாயுவைச் சூடேறிய படிகக் குழாயினுள் செலுத்தி, செலினிய விளக்கின் கதிரை அதனூடே அனுப்புவர். செலினிய அணுக்கள் தமக்குரிய கதிரைத் தாமே விழுங்கும். எவ்வளவு கதிர் குறைந்தது என்பதைக் கொண்டு செலினியத்தின் அளவை அறிவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரைசலில் செலினியம் நான்கு இணைதிறன் நிலையில் இருந்தால்தான் வாயுவாகும். ஆறு இணைதிறன் நிலையிலிருந்தால் ஆகாது. ஆகவே, முன்னரே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடேற்றி அதனை நான்காம் நிலைக்குக் கொணர்தல் வேண்டும். இப்படியை மறந்தவர்க்குக் கருவி குறைந்த அளவையே காட்டும். உள்ளதை இல்லையென்று எழுதி வைக்க நேரும்.

மூன்றாவது பொருண்மை நிரல் முறை. ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் பாகைக்குச் சூடேற்றி உண்டாக்கிய தழலில் கரைசலைத் தெளிப்பர். தனிமங்களின் அணுக்கள் மின்னேற்றம் பெற்றுப் பிரியும். அவற்றைப் பொருண்மை வாரியாகப் பிரித்து எண்ணுவர். மிக நுண்ணிய அளவையும் இது காட்டும். ஒரே கரைசலில் பல தனிமங்களை ஒரே வேளையில் அளக்கும். ஆயினும் இதற்கும் ஒரு மயக்கம் உண்டு. செலினிய அணுக்களுள் ஏறத்தாழப் பாதி 80 என்னும் பொருண்மை உடையவை. தழலில் உள்ள ஆர்கானின் பொருண்மை 40. இரண்டு ஆர்கான் அணுக்கள் ஒட்டிக்கொண்டால் அதுவும் 80! கருவி ஆர்கானைச் செலினியமென்று எண்ணிவிடும். இதனை நீக்க, வழியில் ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் போன்ற வாயுவை வைத்து, ஒட்டிய ஆர்கானைத் தடுத்து நிறுத்துவர்.

கருவி சொல்வதை நம்பலாமா?

கருவி எப்போதும் ஓர் எண்ணைத் தரும். அவ்வெண் மெய்யோ பொய்யோ என்பதைக் கருவி சொல்லாது. அதனால், அளவு முன்னரே உறுதிசெய்யப்பட்ட மாவுகள் சோதனைக்கென விற்கப்படுகின்றன. அமெரிக்க அரசின் தர நிறுவனம் வெளியிட்ட அரிசி மாவு ஒன்றில் கிலோவிற்கு 0.38 மில்லிகிராம் செலினியம் என்று சான்று தரப்பட்டிருந்தது. வயல் மாதிரிகளோடு அத்தகைய மாவையும் ஒன்றாகக் கரைத்து அளப்பர். சான்றிலுள்ள எண் வந்தால் மற்ற எண்களையும் நம்பலாம். வராவிடில் அன்றைய வேலை முழுவதையும் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தானியம் சேர்க்காத வெற்று அமிலத்தையும் அவ்வாறே அளப்பர். அதில் செலினியம் தென்பட்டால் அது அமிலத்திலோ கலத்திலோ இருந்து வந்த அழுக்கு என்று பொருள்.

மண்ணின் கணக்கும் மணியின் கணக்கும்

இவ்வளவு பாடுபட்டு மண்ணை அளந்துவிட்டால் பயிரின் நிலையை அறியலாம் அன்றோ என்று எவரும் எண்ணுவர். நெடுங்காலம் ஆராய்ச்சியாளரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் ஹெபெய் மாநிலத்து ஜாங்ஜியாகோ வட்டாரத்தில் சீன, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நடத்தி, 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு பாடம் புகட்டியது. அவ்வட்டாரம் கேஷான் நோய்ப் பட்டையில் உள்ளது. நோய் மிகுந்த ஊர்கள், குறைந்த ஊர்கள், நோயில்லா ஊர்கள் என மூவகை ஊர்களைத் தேர்ந்து, மண், தானியம், குடிநீர், மக்களின் தலைமயிர் ஆகிய நான்கையும் அளந்தனர்.

தானியமும் நீரும் மயிரும் எதிர்பார்த்தபடியே காட்டின; நோய் மிகுந்த ஊர்களில் செலினியம் குறைவு. மண்ணோ நேர்மாறாகக் காட்டியது. நோய் மிகுந்த ஊர்களின் மண்ணிலேயே மொத்தச் செலினியம் மிகுதியாயிருந்தது! மண்ணை மட்டும் அளந்து சென்றிருந்தால், "இவ்வூர்களுக்குக் குறையில்லை" என்றே எழுதியிருப்பர். குழந்தைகள் இறந்த ஊருக்கே நலம் என்ற சான்று கிடைத்திருக்கும்.

இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? அவ்வூர்களின் மண் கரியதாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தது, மட்கு நிறைந்தது, புளிப்புத் தன்மை மிக்கது. மட்கு செலினியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. செலினியம் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டவில்லை. பூட்டிய பெட்டியில் பணமிருந்தும் வீட்டார் பசித்திருப்பது போன்றது இது.

மண்ணில் செலினியம் பல வடிவங்களில் உறைகிறது. காற்றோட்டமும் காரத்தன்மையும் உள்ள மண்ணில் அது செலினேட்டாக இருக்கும். நீரில் எளிதில் கரையும். வேர் அதனை விரைந்து உறிஞ்சும். புளித்த மண்ணில் அது செலினைட்டாக மாறி, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளோடு இறுகப் பற்றிக்கொள்ளும். நெல்வயல்போல் நீர் தேங்கிய நிலத்தில் மேலும் மாறிக் கரையாத பொருளாகிவிடும். என்ஷியில் சுண்ணாம்பு இட்டதால் கேடு மிகுந்ததும் இக்காரணத்தாலேயே. புளிப்புக் குறைந்ததும் பூட்டுத் திறந்தது.

ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டில் மக்காச்சோளத்தை அளந்தவர்களும் இதையே கண்டனர். நாட்டின் பெரும்பகுதியில் மண் புளித்தது. அங்கு விளைந்த சோளத்தில் செலினியம் மிகக் குறைவு. காரத்தன்மையுடைய கரிசல் நிலத்திலோ சோளத்தில் பத்து மடங்குக்கு மேல் செலினியம் இருந்தது.

ஆதலால், இக்காலத்து ஆய்வாளர் மண்ணின் மொத்தச் செலினியத்தோடு நிற்பதில்லை. நீரில் எவ்வளவு கரைகிறது, பாசுபேட்டுக் கரைசலிட்டால் எவ்வளவு விடுபடுகிறது என்றும் அளக்கின்றனர். புளிப்பையும் மட்கையும் இரும்பையும் உடன் அளக்கின்றனர். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அம்மண்ணில் விளைந்த தானியத்தையே அளக்கின்றனர். பயிரும் ஒன்றுபோல் இல்லை. கடுகு, முட்டைக்கோசு, பூண்டு ஆகிய கந்தகம் விரும்பும் செடிகள் செலினியத்தையும் மிகுதியாகச் சேர்க்கும். ஒரு பயிரை அளந்து அவ்வூரின் உணவு முழுவதையும் தீர்மானித்தலும் பிழையே.

அளந்து வென்ற நாடு

அளவையைத் துணைகொண்டு ஒரு நாடு முழுவதும் குறை தீர்த்த வரலாறு பின்லாந்தினுடையது. அந்நாட்டு மண்ணின் மொத்தச் செலினியம் மிகவும் குறைந்ததன்று. ஆயினும் மண் புளித்தது, ஈரமானது. ஆதலின் பயிருக்கு எட்டியது மிகச் சிறிதே. 1970களின் நடுவில் அந்நாட்டவர் நாளொன்றுக்குச் சராசரி 25 மைக்ரோகிராம் அளவே பெற்றனர்.

1984-இல் அரசு ஒரு முடிவு செய்தது. நாட்டில் விற்கும் கூட்டு உரங்களில் சோடியம் செலினேட்டைச் சேர்க்கச் செய்தது. தானியப் பயிர்க்கான உரத்தில் கிலோவிற்கு 16 மில்லிகிராம். புல்வெளிக்கான உரத்தில் 6 மில்லிகிராம். மாத்திரை தந்தால் உண்பவர் உண்பர், மறப்பவர் மறப்பர். உரத்தில் சேர்த்தாலோ உணவுண்ணும் எல்லார்க்கும் அது சென்று சேரும். செடியும் அதனைப் புரதத்தோடு இணைத்து உடம்பு ஏற்கும் வடிவில் தரும்.

ஆனால், எல்லார்க்கும் சேர்வதால் பிழை நேர்ந்தால் அதுவும் எல்லார்க்கும் சேரும். ஆகவே, அந்நாட்டார் உரத்தை இட்டுவிட்டு வாளா இருக்கவில்லை. ஆண்டுதோறும் தானியம், பால், இறைச்சி, மனிதர் இரத்தம், ஏரி நீர் ஆகியவற்றை அளந்து வந்தனர். 1980களின் இறுதியில் மக்கள் பெறும் அளவு 110 முதல் 120 மைக்ரோகிராம் வரை உயர்ந்ததைக் கண்டு, 1990-இல் எல்லா உரத்திலும் 6 மில்லிகிராமாகக் குறைத்தனர். தானியத்தில் அளவு மிகவும் தாழ்ந்தபோது 1998-இல் 10 மில்லிகிராமாகவும், 2007-இல் 15 மில்லிகிராமாகவும் உயர்த்தினர். கப்பலோட்டி திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்துச் சுக்கானைத் திருப்புவது போல, அளவையைப் பார்த்துப் பார்த்து உரத்தை மாற்றினர்.

அறிய வேண்டுவது

கேஷான் நோய் 1980களுக்குப் பின் பெரிதும் அருகியது. செலினியம் வழங்கியது ஒரு காரணம். வாழ்க்கை வளம் பெருகி, பிற ஊர்த் தானியமும் இறைச்சியும் மீனும் அம்மக்களுக்குக் கிட்டியது மற்றொரு காரணம். பல நாட்டுப் பண்டங்களைக் கலந்துண்ணும் நகரத்தார்க்கு ஒரு வயலின் குறையை மற்றொரு வயலின் நிறை ஈடுசெய்துவிடுகிறது. தன் வயலில் விளைந்ததை மட்டும் உண்டு வாழும் ஏழை உழவனுக்கு அந்த ஈடு இல்லை. அவன் நிலத்தின் குறை அவன் பிள்ளையின் குறையாகிறது.

அத்தகைய மக்கள் உலகில் இன்னும் பலர் உளர். அவர்தம் மண்ணை மட்டும் சோதித்துவிட்டு, "செலினியம் உண்டு" என்று கூறிச் செல்வது போதாது. மண்ணில் உள்ளதெல்லாம் மணியில் வருவதில்லை என்பதை ஜாங்ஜியாகோ காட்டிற்று. ஆகவே, அளப்பவர் மண்ணை அளந்த பின், அதில் விளைந்த தானியத்தையும், அதை உண்பவர் உடம்பையும் அளத்தல் வேண்டும். மூன்றும் ஒத்துச் சொன்னால் அதுவே மெய்யான கணக்கு. அவற்றுள் ஒன்று மாறுபட்டால், அம்மாறுபாட்டின் காரணத்தைக் கண்டறியும் வரை ஆய்வு முடிந்ததாகாது.